விடை அட்டையைக் கையில் வைத்திருந்தவர்

சிம்போசியம் சீசன் வந்துவிட்டால் எந்த டிபார்ட்மென்ட் எடுத்தாலும் ஒரு க்விஸ் நிச்சயம் இருக்கும். மேடையில் டீம் டீமா உட்கார்ந்திருப்பாங்க. கேள்வி பாதி வரும்போதே ஒருத்தர் பஸ்ஸரை அமுக்குவார். சரியாகச் சொன்னால் பாயிண்ட், கூடவே அந்த டீமுக்கு மட்டும் ஒரு போனஸ் கேள்வி. அவசரப்பட்டுத் தப்பாகச் சொன்னால் நெகட்டிவ். பல வருஷமா பார்த்துப் பழகிட்டதால இது எப்பவும் இருந்த ஒரு விஷயம் மாதிரி நமக்குத் தோணும்.

ஆனால் இதுக்கு ஒரு பிறந்த தேதி இருக்கு. 1953 அக்டோபர் 10. அமெரிக்காவின் என்.பி.சி. வானொலியில் 'காலேஜ் பவுல்' என்ற நிகழ்ச்சி முதன்முதலில் ஒலிபரப்பான நாள். கேள்வி கேட்ட குரல் ஆலன் லடன் என்பவருடையது. பிறகு அதே நிகழ்ச்சி டிவிக்கு வந்தபோதும் அவர்தான் நடுவில் நின்றார். அமெரிக்காவில் 60களிலும் 70களிலும் டிவி பார்த்த எவருக்கும் தெரிந்த முகம் அது. கருப்புச் சட்டம் போட்ட தடித்த கண்ணாடி, ஒட்ட வெட்டிய முடி, கண்டிப்பான ஆனா அன்பான ஒரு ஸ்கூல் வாத்தியார் மாதிரி தோற்றம்.

அவருடைய கதையை இப்போ சொல்ல ஒரு காரணம் இருக்கு. டிவி க்விஸ் என்றாலே மோசடி என்று ஒரு நாடே பேசிக்கொண்டிருந்த நேரத்தில், மக்கள் நம்பும்படி ஒரு க்விஸ் நடத்திக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர்.

இரண்டு அப்பாக்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மினரல் பாயிண்ட் என்று ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் ஈயச் சுரங்கங்களால் வளர்ந்த ஊர், பேரிலேயே அது இருக்கு. அங்கே 1917 அக்டோபர் 5 அன்று லடன் பிறந்தார். அப்பா எல்மர் எல்ஸ்வொர்த், ஐஸ் கட்டி வியாபாரி. ஃப்ரிட்ஜ் வீட்டுக்கு வராத காலம், அதனால் அது நல்ல தொழில்தான். ஆனால் குழந்தைக்கு இரண்டு வயது நிறைவதற்குள் அப்பா போய்விட்டார். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்களைக் கொன்ற ஸ்பானிஷ் ஃப்ளூ அவரையும் எடுத்துக்கொண்டது. அவருக்கு வயது 26தான்.

பையனுக்கு ஐந்து வயது இருக்கும்போது அம்மா லீலா மறுமணம் செய்துகொண்டார். இரண்டாவது கணவர் ஹோமர் லடன் ஒரு எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர். (ஆமாம் மக்களே, ஈஈஈ டிபார்ட்மென்ட் இங்கே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.) அவருடைய குடும்பப் பெயர்தான் பையனுக்கும் வந்தது. இன்ஜினியர் வேலை ஓர் இடத்தில் நிற்கவிடவில்லை. விஸ்கான்சினுக்குள்ளேயே ஊர் ஊராக மாறி, கடைசியில் டெக்சாஸ் போய்ச் சேர்ந்தார்கள்.

அப்பா இன்ஜினியர்னா பையனும் இன்ஜினியர் ஆகணும்கிற நம்ம ஊர் விதி அங்கே செல்லுபடியாகவில்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் லடன் எடுத்தது ஆங்கிலமும் நாடகமும். 1940இல் பட்டம், சிறந்த மாணவர்களுக்கான ஃபை பீட்டா கப்பா அமைப்பில் இடம். அடுத்த வருஷமே ஆங்கிலத்தில் எம்.ஏ. பின்னாளில் அவர் கேள்வி கேட்கும்போது, அட்டையில் இருக்கிறதை வெறுமனே வாசிப்பவராக அவர் தெரியாததற்கு இந்தப் படிப்பும் ஒரு காரணம்.

பிறகு இரண்டாம் உலகப் போர். ராணுவத்தில் அவருக்குக் கிடைத்த வேலை, பசிபிக் பகுதியில் இருந்த வீரர்களுக்குக் கலை நிகழ்ச்சிகள் ஏற்பாடு செய்வது. வீட்டைவிட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, நாளைக்கு இருப்போமா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களைச் சிரிக்க வைக்கிற வேலை. அதற்காக அவருக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கமே கிடைத்தது. 1946இல் கேப்டன் பதவியோடு வெளியே வந்தார்.

காலேஜ் பவுல் விளையாட்டும் இதே போர்க்கால முகாம்களிலிருந்து வந்ததுதான். டான் ரீட் என்ற கனடாக்காரர் வீரர்களின் பொழுதுபோக்குக்காக உருவாக்கிய கேள்வி விளையாட்டு அது. போர் முடிந்த பிறகு அது ரேடியோவுக்கு வந்தது. விளையாட்டை உருவாக்கியவரும், அதற்கு முகமாக இருந்தவரும், அலுத்துப்போன வீரர்களை உற்சாகப்படுத்துகிற வேலையிலிருந்து வந்தவர்கள்.

1953லேயே ஆன்லைன் க்விஸ்

போருக்குப் பிறகு லடன் ரேடியோவில் நுழைந்தார். டீன் ஏஜ் பசங்களை உட்கார வைத்து, அவர்களுடைய பிரச்சினைகளை அவர்களையே பேசவைத்த 'மைண்ட் யுவர் மேனர்ஸ்' என்ற நிகழ்ச்சிதான் முதலில் பேர் வாங்கிக் கொடுத்தது. இளைஞர்களுக்கு ஆலோசனை சொல்லும் புத்தகங்களும் எழுதினார். அந்தக் காலத்தில் பெரியவர்கள் பேசுவார்கள், சின்னவர்கள் கேட்டுக்கொள்ளணும். இவர் மைக்கை அந்தப் பக்கம் திருப்பினார். அந்த அனுபவம்தான் அவரைக் காலேஜ் பவுலுக்குத் தயார் செய்தது.

ரேடியோ காலேஜ் பவுல் எப்படி நடந்தது தெரியுமா? இரண்டு டீமும் ஒரே ஸ்டூடியோவில் இல்லை. ஒவ்வொரு டீமும் அவரவர் கல்லூரி வளாகத்திலேயே, சொந்த நண்பர்கள் கைதட்ட உட்கார்ந்திருக்கும். கேள்வி கேட்கிற லடன் வேறோர் இடத்தில். மூன்று இடங்களையும் லைனில் இணைத்து நேரடியாக நடத்தினார்கள். இன்றைக்கு கூகுள் மீட்டில் ஆன்லைன் க்விஸ் நடத்தவே 'சார், கேக்குதா' என்று பத்து தடவை கேட்கிறோம். 1953இல் இதை ஓட்டியிருக்கிறார்கள்! முதல் போட்டியில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் கொலம்பியா பல்கலைக்கழகத்தை 135–60 என்று தோற்கடித்தது.

இப்படி ஒரு அமைப்பில் கேள்வி கேட்பவருக்கு முகம் கிடையாது, குரல் மட்டும்தான். யார் முதலில் பஸ்ஸர் அடித்தார்கள், சொன்ன விடை சரியா, அரைகுறையா, ஏற்றுக்கொள்ளலாமா என்று நொடியில் தீர்ப்பு சொல்லணும். அந்தத் தீர்ப்பை, கண்ணால் பார்க்க முடியாத இரண்டு கல்லூரி வளாகங்களும் நம்பணும்.

1955 டிசம்பரோடு ரேடியோ காலேஜ் பவுல் முடிந்தது. அந்த வருஷம் ஜூன் மாதம்தான் அமெரிக்க டிவியில் ஒரு புயல் அடிக்க ஆரம்பித்திருந்தது.

64,000 டாலர் புயல்

புயலின் பெயர் 'தி 64,000 டாலர் கொஸ்டின்'. ஒரு சாதாரண மனுஷன் டிவியில் வந்து கேள்விக்குப் பதில் சொல்லி, ஒரு வீடு வாங்கும் அளவுக்குக் காசு ஜெயிக்கலாம். நாடே டிவி முன்னால் உட்கார்ந்தது. ஸ்பான்சர் கம்பெனிகளின் பொருட்கள் பறந்தன. ஒரு சேனல் செய்தால் மற்ற சேனல் சும்மா இருக்குமா? வரிசையாகப் பெரிய பண க்விஸ்கள் கிளம்பின.

அதில் ஒன்று 1956இல் வந்த 'ட்வென்டி ஒன்'. அதன் முதல் நிகழ்ச்சி நேர்மையாகத்தான் நடந்தது. ஆனால் வந்தவர்களுக்குக் கேள்வி மேல் கேள்வியாகப் பதில் தெரியவில்லை. பார்க்கவே பரிதாபமாக இருந்தது. ஸ்பான்சருக்குக் கோபம். இனி இப்படி நடக்கக்கூடாது என்றார்கள். தயாரிப்பாளர்கள் ஒரு சுலபமான வழியைப் பிடித்தார்கள். விடைகளை முன்கூட்டியே போட்டியாளர்களிடம் கொடுத்துவிடுவது. யார் ஜெயிக்கணும், யார் எப்போ தோற்கணும், எந்த இடத்தில் நெற்றி வியர்வையைத் துடைக்கணும் என்பது வரைக்கும் ஒத்திகை.

ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் என்ற போட்டியாளர் வாரக்கணக்கில் ஜெயித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பதிலாக அழகான, படித்த குடும்பத்துப் பையன் ஒருவர் வேண்டும் என்று முடிவானது. அவர் சார்லஸ் வான் டோரன், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். 1955இன் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எந்தப் படத்துக்கு என்ற கேள்வியில் ஸ்டெம்பெல் தோற்கணும் என்று உத்தரவு. விடை 'மார்ட்டி'. அவருக்கு நன்றாகத் தெரிந்த, பார்த்து ரசித்த படம். கேமரா முன்னால் நின்று வேண்டுமென்றே வேறு படத்தின் பெயரைச் சொன்னார். தெரிந்த விடையை விழுங்கிக்கொண்டு தோற்பது எவ்வளவு வலிக்கும் என்று க்விஸ் ஆடியவர்களுக்குத் தெரியும்.

வான் டோரன் 1,29,000 டாலர் ஜெயித்தார். டைம் இதழின் அட்டையில் அவர் படம் வந்தது. ஆனால் உண்மையை ரொம்ப நாள் மூடி வைக்க முடியவில்லை. 1958 ஆகஸ்டில் 'டாட்டோ' என்ற வேறொரு நிகழ்ச்சி திடீரென நிறுத்தப்பட்டது. போட்டியாளர் ஒருவரின் நோட்டுப் புத்தகத்தில் விடைகள் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்ததை இன்னொருவர் பார்த்துவிட்டார். அதன் பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அக்டோபரில் ட்வென்டி ஒன் நின்றது. நவம்பரில் 64,000 டாலர் கொஸ்டினும் போனது. நீதிமன்ற விசாரணையில் சத்தியம் செய்துவிட்டுப் பலர் பொய் சொன்னார்கள். 1959 நவம்பர் 2 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வான் டோரன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். டிவி வேலையும் பல்கலைக்கழக வேலையும் போயின. 1960இல் டிவி க்விஸ்ஸில் மோசடி செய்வதையே குற்றமாக்கிச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

நெருப்புக்கு நடுவில் ஒரு புது க்விஸ்

இப்போ தேதியைக் கவனிங்க. ட்வென்டி ஒன் நின்றது 1958 அக்டோபர். வான் டோரன் வாக்குமூலம் 1959 நவம்பர். இரண்டுக்கும் நடுவில், 1959 ஜனவரி 4 அன்று, சி.பி.எஸ். டிவியில் ஒரு புது க்விஸ் ஆரம்பமானது. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஸ்பான்சரில் 'ஜி.இ. காலேஜ் பவுல்'. நடத்துபவர் ஆலன் லடன்.

க்விஸ் என்ற சொல்லே நாற்றமடித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நேரத்தில் எந்தத் தைரியத்தில் ஆரம்பித்தார்கள்? பதில் அந்த விளையாட்டின் டிசைனிலேயே இருக்கு என்று தோன்றுகிறது. இன்ஜினியரிங் மூளையோடு பார்த்தால் புரியும்.

முதலில் பணம். ஜெயித்த கல்லூரிக்கு 1,500 டாலர் ஸ்காலர்ஷிப் நிதி. தோற்ற கல்லூரிக்கும் 500 டாலர் உண்டு. ஆடியவரின் பாக்கெட்டுக்கு எதுவும் போகாது, பின்னால் படிக்கப் போகிற யாரோ ஒரு மாணவருக்குத்தான் போகும். ஏமாற்றி ஒருத்தர் பணக்காரர் ஆவதற்கு அங்கே வழியே இல்லை.

இரண்டாவது, டீம். தனி ஆளைக் கூண்டில் அடைத்து ஹெட்போன் மாட்டவில்லை. எதிரெதிரே நாலு பேர், நாலு பேர். ஒரு ரகசியத்தை ஒரு ஆள் காப்பாற்றலாம், எட்டு மாணவர்கள் காப்பாற்றுவார்களா? ஹாஸ்டலில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது, வேகம். பத்து பாயிண்ட் கேள்விக்கு யார் வேண்டுமானாலும் பாய்ந்து பஸ்ஸர் அடிக்கலாம். கேள்வி முடியும் முன் குறுக்கே வந்து தப்பாகச் சொன்னால் ஐந்து பாயிண்ட் போய்விடும். சரியாகச் சொன்னால் அதைவிட மதிப்புள்ள போனஸ் கேள்வி, நாலு பேரும் கூடிப் பேசிப் பதில் சொல்லலாம். எட்டுக் கைகள் பஸ்ஸருக்குக் காத்திருக்கும் இடத்தில் முடிவை முன்கூட்டியே எழுதி வைப்பது கஷ்டம். ட்வென்டி ஒன் ஆட்கள் செயற்கையாகச் செய்ய நினைத்த அந்த டென்ஷன் இங்கே தானாகவே வந்தது.

இன்னொரு நல்ல விதி. ஒரு டீம் தொடர்ந்து ஐந்து முறை ஜெயித்தால் தோல்வியே இல்லாமல் விடைபெற வேண்டும். ஒரு ஹீரோவை மாதக்கணக்கில் இழுத்து ரேட்டிங் ஏற்றும் வேலை இங்கே நடக்காது. எல்லாக் கல்லூரிக்கும் இடம் கிடைக்கணும்.

இத்தனை விதி இருந்தாலும், விடை அட்டை ஓர் ஆள் கையில்தானே இருக்கு? அந்த நேரத்தில் டிவி பார்த்த ஒவ்வொருவருக்கும், க்விஸ் மாஸ்டர் கையில் இருக்கும் அட்டையைப் பார்த்ததும் வந்த முதல் சந்தேகம் அந்த விடை வேறு யாருக்குத் தெரியும் என்பதாகத்தான் இருந்திருக்கும். அந்தச் சந்தேகத்தின் முன்னால்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் லடன் நின்றார். கேள்வியை வேகமாக, தெளிவாக வாசிப்பார். தீர்ப்பைத் தயங்காமல் சொல்வார். மாணவர்களைக் கிண்டல் செய்து கைதட்டல் வாங்கும் வழக்கம் கிடையாது. தான்தான் ஸ்டார் என்ற நினைப்பும் தெரியாது. பதில் தெரிந்த பிள்ளையைப் பார்த்து உண்மையாகவே சந்தோஷப்படுகிற ஒரு பெரியவர் போலத்தான் இருப்பார்.

அந்த மேடையில் பெரிய பல்கலைக்கழகங்களோடு சின்னக் கல்லூரிகள் சமமாக மோதின. லடன் விலகிய பிறகும் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. 1966இல் ஜார்ஜியாவின் ஆக்னஸ் ஸ்காட் என்ற சிறிய பெண்கள் கல்லூரி, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைக் கடைசி நொடியில் 220–215 என்று வீழ்த்தியது. தரவரிசையில் யார் மேலே என்பதெல்லாம் பஸ்ஸருக்குத் தெரியாது.

பாஸ்வேர்ட் என்றால்...

இன்றைக்கு பாஸ்வேர்ட் என்றால் நமக்கு வைஃபைதான் ஞாபகம் வரும். 60களில் அமெரிக்காவில் அந்தச் சொல்லைச் சொன்னால் ஆலன் லடன் ஞாபகம்தான் வரும். 1961 அக்டோபர் 2 அன்று சி.பி.எஸ்ஸில் 'பாஸ்வேர்ட்' ஆரம்பமானது. ஒரு பிரபலம், ஒரு சாதாரண ஆள், இப்படி ஜோடியாக இரண்டு அணி. ஒரு ரகசியச் சொல்லைக் கண்டுபிடிக்க வைக்கணும், க்ளூவாக ஒரே ஒரு சொல்தான் கொடுக்கலாம். முதல் க்ளூவில் கண்டுபிடித்தால் பத்து பாயிண்ட், பிறகு ஒவ்வொன்றாகக் குறையும். ஒரு ஆட்டம் ஜெயித்தால் பரிசு 100 டாலர். வான் டோரனின் 1,29,000 எங்கே, இந்த 100 எங்கே? ஆனாலும் கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். பணம் பெருசா இருந்தாத்தான் ஜனங்க பார்ப்பாங்க என்று சொன்னவர்களுக்கு அதுவே பதில்.

கொஞ்ச காலம் இரண்டு நிகழ்ச்சிகளையும் சேர்த்தே நடத்தினார். 1962இல் காலேஜ் பவுலை ராபர்ட் ஏர்ல் என்பவரிடம் விட்டுவிட்டு பாஸ்வேர்டோடு நின்றார்.

ஆனால் கேமராவுக்குப் பின்னால் அந்த அக்டோபர் அவருக்குக் கொடுமையான மாதம். 1943இல் மணந்த மனைவி மார்கரெட் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். பாஸ்வேர்ட் ஆரம்பித்த அதே மாதக் கடைசியில் அவர் இறந்தார். மூன்று பிள்ளைகள். வீட்டில் துக்கம், ஸ்டூடியோவில் சிரித்த முகம். போர்க்காலத்தில் மற்றவர்களை உற்சாகப்படுத்தியவருக்கு, இப்போது தன்னையே தாங்கிப் பிடிக்க வேண்டிய நிலை.

கம்மல் போட்ட முயல்

பாஸ்வேர்டின் ஆரம்ப வாரங்களிலேயே விருந்தினராக வந்தவர் நடிகை பெட்டி ஒயிட். 1962 கோடையில் இருவரும் ஒரு மேடை நாடகத்தில் சேர்ந்து நடித்தார்கள். லடன் காதலில் விழுந்தார். கல்யாணம் பண்ணிக்கலாமா என்று கேட்டார். பெட்டி மறுத்தார். அவருக்கு ஏற்கெனவே இரண்டு திருமணங்கள் முறிந்திருந்தன. கலிபோர்னியாவையும் அங்கே இருந்த வேலையையும் விட்டுவிட்டு நியூயார்க் வர மனசு இல்லை.

லடன் விடவில்லை. மோதிரம் வாங்கினார். பெட்டி ஏற்கவில்லை என்றதும், அதைச் சங்கிலியில் கோர்த்துத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு அலைந்தார். 1963 ஈஸ்டருக்கு ஒரு பொம்மை முயல் அனுப்பினார். அதன் இரண்டு காதிலும் கம்மல்! இந்த முறை பெட்டி சரி என்றார். 1963 ஜூன் 14 அன்று லாஸ் வேகாஸில் திருமணம். பெட்டி நியூயார்க் பக்கம் குடிபெயர்ந்தார், மூன்று பிள்ளைகளுக்கும் அம்மா ஆனார். பல வருஷம் கழித்து பெட்டி ஒரு விஷயத்துக்காகத்தான் வருத்தப்பட்டார். முடியாது முடியாது என்று சொல்லி வீணாக்கிய அந்த ஒரு வருஷம்.

(ஒரு எச்சரிக்கை. இதைப் படிச்சிட்டு யாரும் முயல் வாங்கக் கிளம்பாதீங்க. இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் நன்றாகப் புரிந்துகொண்ட பிறகு நடந்த கதை இது.)

பாஸ்வேர்ட் 1967இல் நின்றது. 1971இல் ஏ.பி.சி. சேனலில் மறுபடி பிறந்தது. அதற்காக 1976இல் சிறந்த விளையாட்டு நிகழ்ச்சித் தொகுப்பாளருக்கான டேடைம் எம்மி விருது வாங்கினார். 1979 ஜனவரியில் என்.பி.சி.யில் 'பாஸ்வேர்ட் ப்ளஸ்' என்று மூன்றாவது முறை வந்தது. மூன்று முறையும் நடத்தியவர் ஒரே ஆள்.

ஆனால் இந்த முறை உடம்பு ஒத்துழைக்கவில்லை. வயிற்றில் புற்றுநோய். 1980இல் சில வாரங்கள் அவருக்குப் பதிலாக பில் கலன் நடத்தினார். லடன் திரும்பி வந்தார், கேள்வி அட்டைகளைக் கையில் எடுத்தார். அக்டோபரோடு முடியவில்லை. டாம் கென்னடி பொறுப்பேற்றார். 1981 ஜூன் 9 அன்று லாஸ் ஏஞ்சலஸில் லடன் காலமானார். வயது 63. பதினெட்டாவது திருமண நாளுக்கு ஐந்து நாள் பாக்கி.

உடலைப் பிறந்த ஊரான மினரல் பாயிண்ட்டுக்கே கொண்டுபோய், லடன் குடும்பத்து இடத்தில் அடக்கம் செய்தார்கள். பெட்டி ஒயிட் அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. 2021 டிசம்பர் 31 அன்று, நூறு வயதுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, அவரும் போனார். ஹாலிவுட் நடைபாதையில் இருவரின் நட்சத்திரங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

அவர் நின்ற மேடையின் வாரிசுகள்

காலேஜ் பவுல் கடல் தாண்டியது. 1962 செப்டம்பரில் இங்கிலாந்தில் அதே ஃபார்மேட்டில் 'யுனிவர்சிட்டி சேலஞ்ச்' ஆரம்பித்தது. பாம்பர் காஸ்காய்ன் 1987 வரை நடத்தினார், இன்றும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. 2000களில் சித்தார்த்த பாசு நடத்த, அதன் இந்திய வடிவமும் வந்தது. அதன் முதல் சீசனில் ஜெயித்தது எந்தக் கல்லூரி தெரியுமா? மும்பையின் சர்தார் படேல் காலேஜ் ஆஃப் இன்ஜினியரிங். இன்ஜினியரிங் பசங்களுக்குப் பாடப் புத்தகம் தாண்டி எதுவும் தெரியாது என்று சொல்லும் சித்தப்பாக்களிடம் இதைச் சொல்லலாம்.

பள்ளி மாணவர்களுக்கும் அதே காலத்தில் கதவு திறந்தது. 1961இல் வாஷிங்டனில் மூன்று பள்ளிகள், பள்ளிக்கு மூன்று பேர் என்று மோதும் 'இட்ஸ் அகாடமிக்' தொடங்கியது. உலகிலேயே மிக நீண்ட காலம் ஓடும் டிவி க்விஸ் என்ற கின்னஸ் பெருமை அதற்கு உண்டு. கனடாவில் பள்ளி அணிகளுக்கான 'ரீச் ஃபார் தி டாப்' வந்தது. அதை நடத்தியவர்களில் ஒருவர், பின்னாளில் 'ஜெப்பர்டி' மூலம் உலகப் புகழ் பெற்ற அலெக்ஸ் ட்ரெபெக்.

லடன் இந்த ஃபார்மேட்டைக் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பெருமை டான் ரீட்டுக்கு. கேள்வி எழுதியவர்களும் வேறு. அவர் செய்தது பார்வைக்குச் சின்ன வேலை. எல்லா விடையும் கையில் இருந்தும், அதை யாருக்கும் காட்டாமல், யாருக்கும் சாயாமல், தோற்றவரையும் மரியாதையோடு அனுப்பி வைத்தார். அதே வருஷங்களில், அதே மாதிரி அட்டைகளைக் கையில் வைத்திருந்த வேறு சிலர் அதைப் பணமாகவும் புகழாகவும் மாற்றப் பார்த்தார்கள். அவர்கள் நடத்திய நிகழ்ச்சிகள் விசாரணை ஆவணங்களில்தான் மிஞ்சியிருக்கின்றன.

நம்மில் பலர் இன்றைக்கு க்விஸ் ஆடுகிறோம், நாளைக்கு க்விஸ் நடத்துவோம். அதற்கு அப்புறம் எங்கேயோ வினாத்தாள் தயாரிப்போம், டெண்டர் கவரைப் பாதுகாப்போம், டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவோம். அட்டையின் வடிவம் மட்டும்தான் மாறும். அடுத்தவருக்குத் தெரியக்கூடாத ஒன்று நம் கையில் இருக்கும், அதைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டச் சொல்லி யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்பார். அப்போ அட்டையை நேராகப் பிடிப்பதுதான் வேலை.